விலை பார்த்து வாங்கும் விழிவில்லை

 

தீபாவளி நெருங்கும் நாள்களில் ஆண்டுதோறும் தவறாமல் என்னைத் தேடிவரும் கேள்வி ஒன்றுண்டு. “டீச்சர், எந்த லென்ஸ் நல்லது?” முன்னாள் மாணவியர் கேட்பார்கள், அவர்களுடைய தாய்மார்கள் கேட்பார்கள், ஆசிரியர் அறையில் உடன்பணியாற்றும் இளம் ஆசிரியைகளும் கேட்பார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக விழிவில்லை அணிபவள் நான். அதனாலேயே இவளுக்கு இது பற்றி எல்லாம் தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. நானும் இத்தனை காலம் சிரித்த முகத்தோடு, “கண் பரிசோதகரிடம் கேளுங்கள் அம்மா” என்று சொல்லி நகர்ந்து வந்திருக்கிறேன். இனி அப்படி நகர முடியாது. அதற்கொரு காரணம் இருக்கிறது.

2019-இல் ஆண்டு ஆறில் என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி. ‘என் குறிக்கோள்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால், வகுப்பில் பாதிப்பேர் மருத்துவராவார்கள், மீதிப்பேர் ஆசிரியராவார்கள். இவள் மட்டும் காவல்துறை அதிகாரியாவேன் என்று எழுதினாள். ‘குற்றவாளிகளைப் பிடிப்பேன்’ என்பதற்குச் ‘சந்திப்பிழை’ ஒன்றைத் திருத்தியதுகூட நினைவிருக்கிறது. நான்காம் ஆண்டிலிருந்தே மூக்குக்கண்ணாடி அணிபவள். 2023 தீபாவளிக்கு அவள் படிவம் நான்கில் இருந்தாள். குடும்பப் படத்தில் கண்ணாடி இல்லாமல் நிற்க வேண்டும் என்று ஆசை. சித்தி மகள் இரவுச் சந்தையில் 15 வெள்ளிக்கு வாங்கிய பழுப்புநிற வில்லை ஒன்று வீட்டில் இருந்தது. ‘ஒரு வருடம் போடலாம்’ என்று பெட்டியில் போட்டிருந்ததாம். சித்தி மகள் ஏற்கெனவே சிலமுறை அணிந்துவிட்டு, பழைய கரைசலின் மேலேயே கொஞ்சம் புதுக்கரைசலை ஊற்றி மூடி வைத்திருந்தாள். அதை எடுத்து இவள் அணிந்துகொண்டாள். படம் பிடித்தார்கள். விருந்தினர் வந்தார்கள், போனார்கள். அலுப்பில் அப்படியே உறங்கிவிட்டாள்.

மறுநாள் வலக்கண் சிவந்தது. “சூட்டுக்கண்” என்றார் பாட்டி. தலைக்கு நல்லெண்ணெய் தேய்த்தார்கள்; கண்ணில் பன்னீர் விட்டார்கள். அடுத்த நாள் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. வெளிச்சம் பட்டாலே நீர் கொட்டியது. மருத்துவமனைக்குப் போனபோது கருவிழியின் நடுவில் அரிசிமணியைப் போல ஒரு வெள்ளைப்புள்ளி. மணிக்கொருமுறை, நள்ளிரவிலும் எழுப்பி எழுப்பி மருந்து விட்டார்கள். கண் பிழைத்தது. ஆனால், புள்ளி இருந்த இடத்தில் தழும்பு தங்கிவிட்டது. இன்று அந்தக் கண்ணால் எழுத்துப் பலகையின் மூன்றாவது வரியைத் தாண்டி அவளால் படிக்க இயலாது. கண்ணாடி போட்டாலும் இயலாது. தழும்பைக் கண்ணாடி திருத்தாது.

‘பாவம்’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடலாம். எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். “அவள் விதி” என்றும் ஒருவர் சொன்னார். விதியா? இரண்டு நாள் எண்ணெய் தேய்த்ததும் விதியா? 15 வெள்ளிக்குக் கண்ணுக்குள் வைக்கும் பொருளை வாங்கியதும் விதியா? இந்த அம்மையார்தாம் அரைக்கிலோ வெண்டைக்காய் வாங்கினால் ஒவ்வொன்றாய் நுனி ஒடித்துப் பார்த்து எடுப்பவர்!

சரி, கேள்விக்கு வருவோம். எந்த வில்லை நல்லது?

கடைக்காரர் முதலில் மூன்றைக் காட்டுவார்: அணிந்த அன்றே எறிவது, மாதம் ஒருமுறை மாற்றுவது, ஆண்டு முழுவதும் அணிவது. அதற்குப் பிறகு நிறங்களைக் காட்டுவார். நம் மக்கள் பெரும்பாலும் பின்னதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்! நிறத்தைத் தேர்ந்தெடுத்த பின் விலையைக் கேட்கிறார்கள். விலையைக் கேட்ட பின் ‘இது எத்தனை நாளைக்கு வரும்?’ என்கிறார்கள். ‘இது என் கண்ணுக்குப் பொருந்துமா?’ என்று கேட்டவரை நான் கண்டதில்லை.

வில்லைகளில் அடிப்படையாக இரண்டு குலங்கள் உண்டு: மென்மையானவை, கடினமானவை. மென்வில்லையின் தோற்றம் சுவையானது. வகுப்பில் சொன்னால் மாணவர்கள் கண்கொட்டாமல் கேட்பார்கள். செக்கோஸ்லோவாக்கியா நாட்டு வேதியியலாளர் ஓட்டோ விக்தர்லே 1961-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், தம் பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டுமானப் பொருள்களையும் மிதிவண்டி டைனமோவையும் கொண்டு வீட்டிலேயே ஒரு கருவியைப் பூட்டி, சுழலும் அச்சில் வில்லைகளை வார்த்தெடுத்தார். நீரை உறிஞ்சி மெத்தென்று ஆகும் பொருள் அது. அதனால்தான் கண்ணில் உறுத்தாது. ஆனால், நல்ல நீரை மட்டும் உறிஞ்சுவேன் என்று அது சபதம் எடுத்துக்கொள்ளவில்லையே! விரல் அழுக்கு, முகப்பூச்சு, குழாய்நீர், கண்ணீரில் உள்ள புரதம் என எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும். நாள் ஆக ஆக அழுக்குப் படியும். ஓராண்டு வில்லையின் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. ஒரே உள்ளாடையை ஓராண்டு முழுவதும் துவைத்துத் துவைத்து அணியச் சொன்னால் அணிவோமா? கண்ணுக்கு மட்டும் அது போதுமா? (கடுமையாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. எழுதத்தான் வேண்டும்.)

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கருவிழிப் படலத்தில் இரத்தக் குழாய்கள் கிடையா. இருந்தால் ஒளி ஊடுருவாது. எனவே, அது தனக்கு வேண்டிய உயிர்வளியைக் கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்தே பெற்றுக்கொள்கிறது. அதன் மீது ஒரு மூடியைப் போட்டால் மூச்சுத்திணறும். உறங்கும்போது இமை என்னும் இன்னொரு மூடியும் சேர்ந்துகொள்கிறது. இந்தக் குறையைப் போக்கவே சிலிக்கோன் ஹைட்ரோஜெல் என்னும் புதுவகை மென்வில்லைகள் 1990-களின் இறுதியில் சந்தைக்கு வந்தன. பழைய மென்வில்லையைவிடப் பன்மடங்கு உயிர்வளியை இவை உள்ளே விடும். இது மெய்யான முன்னேற்றம், மறுக்கவில்லை.

ஆனால், விற்பவர்கள் இதை எப்படிச் சொன்னார்கள்? “இது கண்ணுக்கு மூச்சுவிடும், போட்டுக்கொண்டே தூங்கலாம்” என்று! ஆஸ்திரேலியாவில் நாடளாவிய நிலையில் திரட்டப்பட்டு 2008-இல் வெளியான ஆய்வின் எண்களைப் பாருங்கள். விழிவில்லை அணிவோர் பத்தாயிரம் பேரில் ஓராண்டில் கருவிழித் தொற்றுக்கு ஆளானோர்: பகலில் மட்டும் கடின வில்லை அணிந்தோரில் 1.2, பகலில் மட்டும் பழைய மென்வில்லை அணிந்தோரில் 1.9, அன்றாடம் எறியும் வில்லை அணிந்தோரில் 2.0. இரவிலும் கழற்றாமல் மென்வில்லை அணிந்தோரில் 19.5. ‘மூச்சுவிடும்’ சிலிக்கோன் ஹைட்ரோஜெல்லை இரவிலும் அணிந்தோரில் 25.4!

இந்த எண்களைச் சற்றே நின்று படியுங்கள். பகலில் அணிந்து இரவில் கழற்றுவோரிடையே, மேலே சொன்ன மூன்று வகைகளுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. கழற்றாமல் உறங்குவோருக்கோ ஆபத்து ஏறத்தாழப் பத்து மடங்கு. விலை உயர்ந்த புதுவகை அவர்களைக் காப்பாற்றவில்லை. ஆக, ‘எந்த லென்ஸ் நல்லது?’ என்று கேட்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ‘நான் எப்படிப்பட்ட ஆள்?’

நான் எப்படிப்பட்டவளாக இருந்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலத்தில், பயிற்றுப்பணிக்கு மறுநாள் செல்ல வேண்டும் என்று நள்ளிரவு தாண்டியும் பாடத்துணைப்பொருள் செய்துகொண்டிருந்து, வில்லையோடு மேசையிலேயே சாய்ந்து உறங்கிய இரவுகள் பல. காலையில் கண்ணோடு ஒட்டிக்கொண்ட வில்லையைச் சொட்டுமருந்து விட்டுக் கழற்றியிருக்கிறேன். விடுதிக் குழாயில் கழுவி மறுபடியும் போட்டிருக்கிறேன்! எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அது என் திறமையன்று. ‘நான் இருபது வருடமாக இப்படித்தான் போடுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்று பெருமை பேசும் அன்பர்கள் இதைக் கவனிக்க. சாலை விதியை மீறிய எல்லாரும் அன்றே விபத்தில் சிக்குவதில்லை.

குழாய்நீரைப் பற்றிச் சொன்னேன். நம் நாட்டில் பெரும்பாலான வீடுகளில் கூரைக்கடியில் தொட்டி. அந்தத் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்? அக்கந்தமீபா என்னும் ஓரணு உயிரி குழாய்நீரிலும் தொட்டியிலும் நீச்சல் குளத்திலும் வாழக்கூடியது. குடித்தால் ஒன்றும் செய்யாது. வில்லையில் ஏறிக் கருவிழிக்குள் புகுந்தால் மாதக்கணக்கில் மருந்து விட வேண்டியிருக்கும். வில்லையோடு குளிப்பதும் வில்லையோடு நீந்துவதும் கூடாது என்று கண் மருத்துவர்கள் கரடியாகக் கத்துவது இதனால்தான்.

இந்த வட்டாரத்தார்க்கு மறக்கக்கூடாத பாடம் ஒன்றும் உண்டு. 2005, 2006-ஆம் ஆண்டுகளில் அண்டை நாடாகிய சிங்கப்பூரில் ஃபியுசாரியம் என்னும் பூஞ்சைத் தொற்று விழிவில்லை அணிவோரிடையே திடீரெனப் பரவியது. 66 பேர் பாதிக்கப்பட்டதாக அந்நாட்டு மருத்துவர்கள் பதிவு செய்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஒரே நிறுவனத்தின் கரைசலைப் பயன்படுத்தியிருந்தனர். பாஷ் அண்ட் லோம்ப் நிறுவனம் 2006 பிப்ரவரியில் தன் ‘ரீநியூ’ கரைசல் விற்பனையைச் சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் நிறுத்திவைத்தது; அவ்வாண்டு மே மாதத்தில் ‘மாய்ஸ்சர்லாக்’ வகையை உலகெங்கும் மீட்டுக்கொண்டது. கரைசலின் மீது குற்றம் இருந்தது உண்மை. ஆனால், அம்மருத்துவர்களின் பதிவில் இன்னொன்றும் இருந்தது. பாதிக்கப்பட்டோருள் பெரும்பாலோர் தூய்மை விதிகளை ஒழுங்காகக் கடைப்பிடிக்கவில்லை. பழைய கரைசலின் மேல் புதியதை ஊற்றுவது, சிமிழைக் காயவிடாமல் மூடுவது, காலம் கடந்த வில்லையை அணிவது என்பவை நம் வீட்டுப் பழக்கங்களாகவே இருப்பதை எண்ணிப் பார்க்கிறேன்.

இங்கேதான் நான் ஒரு பக்கம் சாய்கிறேன். பள்ளி மாணவிக்கும், எப்போதாவது அணிபவர்க்கும் அன்றாடம் எறியும் வில்லையே தகும். அதுவும் வேண்டாமென்றால் மூக்குக்கண்ணாடி. ஓராண்டு வில்லை யாருக்கும் வேண்டா. மாத வில்லையை, மாலை ஐந்து மணிக்குக் களைத்து வந்தாலும் கை கழுவி, தேய்த்து, அலசி, புதுக்கரைசலில் இடும் ஒழுக்கமுடைய பெரியவர்கள் மட்டும் அணியட்டும்.

‘மேலே நீங்கள் தந்த எண்ணில் அன்றாட வில்லைக்கும் 2.0 தானே? பழையதைவிடக் குறையவில்லையே!’ என்று கூர்ந்து படித்தவர் கேட்பார். நல்ல கேள்வி. தொற்றின் எண்ணிக்கை குறையவில்லை. ஆனால், அன்றாட வில்லையில் தொற்று வந்தவர்களுக்குப் பார்வையிழப்பு குறைவு என்பதையும் ஆய்வுகள் காட்டின. சிமிழ் இல்லை; கரைசல் இல்லை; அவற்றில் வளரும் கொடிய நுண்ணுயிர்கள் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சித்தி மகளின் சிமிழிலிருந்து எடுத்து அணிய அங்கே ஒன்றும் மிஞ்சியிருக்காது. என் மாணவிக்கு அது போதுமானதாக இருந்திருக்கும்.

“டெய்லி லென்ஸ் ரொம்ப விலை, டீச்சர்” என்பார்கள். கணிதமும் கற்பிப்பவள் நான். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நான் வாங்கும் அன்றாட வில்லை, 30 கொண்ட பெட்டி ஏறத்தாழ 60 வெள்ளி. ஒரு வில்லை 2 வெள்ளி. இரு கண்ணுக்கு ஒரு நாளைக்கு 4 வெள்ளி. வாரம் இருமுறை, மாதம் எட்டு நாள் அணிந்தால் 32 வெள்ளி. மாத வில்லை ஓர் இணை 50 வெள்ளி, கரைசல் 30 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு நாள் அணிந்தாலும் முப்பது நாள் அணிந்தாலும் 80 வெள்ளி. எது விலை? அன்றாடம் 26 நாள் அணிவோர்க்கு 104 வெள்ளி ஆகும். கூடுதல் 24 வெள்ளி. கடைக்குக் கடை, வகைக்கு வகை விலை மாறும். கணக்கின் போக்கு மாறாது.

ஆனால், நம்மவர்கள் மாத வில்லையை எட்டு நாள் அணிந்தால் ‘இன்னும் 22 நாள் பாக்கி’ என்கிறார்கள்! அணிந்த நாளை எண்ணி அதை நான்கு மாதம் ஓட்டுகிறார்கள். உறையைப் பிரித்த நாளிலிருந்தே நாள்காட்டி ஓடத் தொடங்கிவிடும். அணிந்தாலும் அணியாவிட்டாலும் மாத முடிவில் எறிய வேண்டும். இது தெரியாமல்தான் ‘மாத லென்ஸ் மலிவு’ என்ற புகழ் பரவியிருக்கிறது. கண்ணாடிக் கடையொன்றில் நானே காதால் கேட்டேன். பணியாள் ஒருவர் தாய் ஒருவரிடம் சொன்னார்: “பேருக்குத்தான் கா ஒரு மாசம். ரெண்டு மாசம்கூட தாராளமா போடலாம்.” அந்தத் தாய் மகிழ்ந்து போனார். நான் குறுக்கிட்டேன். பணியாள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

கடின வில்லையை யாரும் கேட்பதில்லை. கடைக்காரரும் தாமாகச் சொல்வதில்லை. உயிர்வளி ஊடுருவும் கடின வில்லை, கருவிழியின் வளைவு ஒழுங்கற்றிருப்போர்க்கு மென்வில்லையைவிடத் தெளிவான பார்வை தரும். அழுக்கை உறிஞ்சாது, ஓராண்டுக்கு மேலும் உழைக்கும். குறைகளும் உண்டு. முதல் சில நாள் கண்ணில் தூசி விழுந்தாற்போல் உறுத்தும். புகைமூட்டக் காலத்தில் அணியவே முடியாது. 2015-இல் பட்டவர்களுக்குத் தெரியும். ஆயினும், அது விற்பனையாகாததற்கு உறுத்தல் மட்டும் காரணமன்று என்பது என் ஐயம். ஒவ்வொரு கண்ணையும் அளந்து, பொருத்திப் பார்த்து, மறுபடியும் வரச்சொல்லிப் பார்க்க வேண்டும். பெட்டியை எடுத்து நீட்டிக் காசு வாங்குவதைப் போல் எளிதன்று.

நிற வில்லைக்கு வருகிறேன். ‘பவர் இல்லாததுதானே, சும்மா அலங்காரம்’ என்று நினைக்கிறார்கள். பவர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? கருவிழியின் மேல் ஒட்டுவது ஒட்டுவதுதான். அமெரிக்காவில் 2005-இல் சட்டம் இயற்றி, அலங்கார வில்லைகளையும் மருத்துவச் சாதனங்களின் பட்டியலிலேயே சேர்த்தார்கள். நம் நாட்டில் 1991-ஆம் ஆண்டின் ஒளியியல் சட்டம் இருக்கிறது. விழிவில்லையைப் பரிசோதித்துப் பொருத்தித் தர உரிமை பெற்றவர்கள் பதிவுபெற்ற தொழிலர்களே. இரவுச் சந்தைக் கடைக்காரர் அவருள் ஒருவரல்லர். இணைய வணிகத் தளத்தில் பூப்படம் போட்டு விற்கும் அக்காவும் அல்லர். சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்தும் விற்பனை நடக்கிறது. ஏன்? வாங்குவதற்கு நாம் இருக்கிறோம்.

அதிலும் பரதநாட்டிய அரங்கேற்றம், திருமண வரவேற்பு என்று ஒப்பனையாளர் தம் பெட்டியிலிருந்து வில்லையை எடுத்து மணமகளின் கண்ணில் வைக்கும் வழக்கத்தை நானே பார்த்திருக்கிறேன். அதற்கு முன் அந்த வில்லை எத்தனை மணமகள்களைப் பார்த்ததோ? யாரும் கேட்பதில்லை. பிறர் அணிந்த தோட்டை அணியக் கூசும் நாம், பிறர் கண்ணீர் ஊறிய வில்லையைக் கண்ணில் ஏந்திக்கொள்கிறோம்!

இதற்கெல்லாம் வேர் எங்கே? சொல்லாமல் விட்டால் கடைக்காரரை மட்டும் ஏசியவளாவேன். ஆண்டு இரண்டில் கண்ணாடியோடு வகுப்புக்குள் நுழையும் பிள்ளையை ‘சோடாபுட்டி’ என்று முதலில் அழைப்பது யார்? சக மாணவனா? இல்லை, பல வேளைகளில் வீட்டில் மாமாவோ அத்தையோ. “பொம்பளப் பிள்ளைக்கு இப்பவே கண்ணாடியா, நாளைக்கு எவன் கட்டுவான்?” என்ற சொல்லை ஆறு வயதுக் குழந்தையின் முன்னால் பேசியதை என் காதால் கேட்டிருக்கிறேன். அந்தக் குழந்தை கண்ணாடியைப் பைக்குள் ஒளித்து வைத்துவிட்டு வெண்பலகையைக் கண் சுருக்கிப் பார்க்கிறது. ‘கவனக்குறைவு’ என்று நாம் தேர்ச்சி அறிக்கையில் எழுதுகிறோம். பத்து ஆண்டு கழித்து அதே குழந்தை 15 வெள்ளி வில்லையைத் தேடிப் போனால் வியப்பென்ன? பெண் பார்க்க வரும் நாளில் கண்ணாடியைக் கழற்றச் சொல்லும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. மாப்பிள்ளை கண்ணாடி போட்டுக்கொண்டு வரலாமாம், அவர் ‘படித்தவர்’!

கிட்டப்பார்வையுடைய சிறு பிள்ளைகளுக்கு வில்லை போடலாமா என்று சில பெற்றோர் அண்மைக்காலமாகக் கேட்கிறார்கள். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்துக்குப் பிறகு என் வகுப்பில் கண்ணாடிகள் பெருகிவிட்டன. அவர்களின் கவலை நியாயமானது. கிட்டப்பார்வை வளரும் வேகத்தைக் குறைக்கவென்றே வடிவமைக்கப்பட்ட அன்றாட வில்லை ஒன்றுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2019-இல் ஒப்புதல் தந்தது. எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்குள் தொடங்க வேண்டும். இரவில் அணிந்து காலையில் கழற்றும் கடின வில்லை முறையும் உண்டு. மேலே நான் இரவைப் பற்றிச் சொன்னதை மறவாமல், கண் பரிசோதகரின் நேரடிக் கண்காணிப்பில் மட்டுமே அதை எண்ணிப் பார்க்க வேண்டும். தன் மதிய உணவுக் கலத்தைக் கழுவத் தெரிந்த பிள்ளையா என்று முதலில் பாருங்கள். அதற்கு முன்னால், செலவில்லாத வழி ஒன்று: நாள்தோறும் வெளியில் வெயிலில் விளையாட விடுங்கள்.

என்னைக் கேட்டால், எனக்கும் வெள்ளெழுத்து வந்துவிட்டது. தொலைவுக்கும் அருகுக்கும் ஒன்றாய் உதவும் பல்குவிய வில்லையைச் சோதித்துப் பார்த்தேன். வெயிலில் நன்றாக இருந்தது. மாலை மங்கலில் பயிற்றி ஏடுகளைத் திருத்தும்போது ‘ன’கரமும் ‘ண’கரமும் ஒன்றாகத் தெரிந்தன. தமிழாசிரியைக்கு இது ஆகுமா? பள்ளிக்குக் கண்ணாடி, விழாக்களுக்கு அன்றாட வில்லை என்று முடிவு செய்துகொண்டேன். வீடு திரும்பியதும் காலணியைக் கழற்றுமுன் வில்லையைக் கழற்றிவிடுவேன்.

கண் சிவந்தால், வலித்தால், வெளிச்சம் கூசினால், பார்வை மங்கினால், அன்றே வில்லையைக் கழற்றிவிட்டு, அதைச் சிமிழோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். எந்த நுண்ணுயிர் என்று கண்டறிய அது அவர்களுக்கு உதவும். எண்ணெய் வேண்டா, பன்னீர் வேண்டா, தாய்ப்பாலும் வேண்டா. சில நுண்ணுயிர்கள் ஓரிரு நாளிலேயே கருவிழியைத் துளைத்துவிடும்.

அந்த மாணவி இப்போது கண்ணாடிதான் அணிகிறாள். போன தைப்பூசத்தில் பார்த்தேன். காவல்துறை பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. “டீச்சர், என் தங்கச்சியும் லென்ஸ் கேட்கிறா” என்று மட்டும் சொன்னாள். தாயாரிடம் மேலே எழுதிய கணக்கையெல்லாம் பொறுமையாக விளக்கினேன். அவரும் தலையாட்டினார்.

சென்ற வாரம் அவரிடமிருந்து புலனத்தில் செய்தி வந்தது. “டீச்சர், நீங்க சொன்ன மாதிரி டெய்லி லென்ஸ்தான் வாங்கினேன். ராத்திரி தண்ணியில போட்டு வச்சா மறுநாளும் போடலாம்தானே?”

இன்னும் பதில் அனுப்பவில்லை. இதை அப்படியே அவருக்கு அனுப்பிவைக்கலாம் என்றிருக்கிறேன்.